யென் ஷுயெதோங்: கணிப்புக்கு ஆண்டு குறித்துவிட்டுக் காத்திருக்கும் பேராசிரியர்

ஆற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். தென்சீனக் கடல் பற்றிய இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: "சீனாவில் பன்னாட்டு உறவுகள் பற்றிச் சொந்தமாகச் சிந்திக்கிறவர் யாராவது உண்டா? கட்சி சொல்வதைத்தானே எல்லாரும் எழுதுவார்கள்?" அன்று இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். போதவில்லை என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு முழுதாகச் சொல்கிறேன். பெய்ஜிங்கிலுள்ள சிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் யென் ஷுயெதோங். (ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலர் 'யான்' என்று எழுதுகிறார்கள். சீனர் வாயில் அது 'யென்' தான்.)

1952இல் தியான்ஜின் நகரில் பிறந்தவர். மாவோவின் பண்பாட்டுப் புரட்சியின்போது, 1969இல், பள்ளிப் பருவம் முடியும் முன்பே வடகிழக்குக் கோடியிலுள்ள ஹெய்லோங்ஜியாங்குக்கு அனுப்பப்பட்டார். படை அமைப்பில் நடந்த உற்பத்திப் பண்ணை அது. ஒன்பது வருடம் அங்கே கழிந்தது. அந்த நாட்களைப் பற்றி அவரே ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். மே மாதத்திலும் அங்கே வயல் தண்ணீர் பனிக்கட்டியாக உறையுமாம். விதைக் கருவியை இழுக்கும்போது பூட்ஸ் போடக் கூடாது என்று உத்தரவு. வெறுங்காலோடு பனிக்கட்டி மேல் நடந்ததில் கால் முழுக்க வெட்டுக் காயம். விதை மூட்டை 80 கிலோ வரை இருக்கும். அதைச் சுமந்துகொண்டு மேடுபள்ளமான வரப்பில் நடக்க வேண்டும், கால் கொஞ்சம் பிசகினாலும் தண்ணீருக்குள் விழ வேண்டியதுதான். எழுந்து நடந்து கடைசி வரைக்கும் போய்ப் படுத்தால் கண் இருட்டிவிடும், எழுந்திருக்க முடியாது.

நான் இதை முதலில் படித்தபோது அன்று வேறு எதுவும் படிக்க ஓடவில்லை. அவர் பின்னால் எழுதியதையெல்லாம் இந்த வரப்பிலிருந்துதான் நான் பார்க்கிறேன். நல்ல வாக்கு எதற்கும் பஞ்சமில்லாத காலம் அது. தலைமை தப்பாகப் போனால் ஒரு நாடே எப்படித் தப்பாகப் போகும் என்பதைத் தோளில் சுமந்து தெரிந்துகொண்டவர் அவர்.

அப்புறம் ஹெய்லோங்ஜியாங் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பட்டம் (1982), பெய்ஜிங்கில் முதுகலை (1986), கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டம் (1992). ஊர் திரும்பி, அரசுக்கு ஆய்வு செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் எட்டு வருடம். 2000இல் சிங்ஹுவாவுக்கு வந்தார். பின்னர் அங்கே பன்னாட்டு உறவுகள் நிறுவனத்தின் தலைவரானார்.

வந்ததும் முதலில் கைவைத்தது ஆய்வு முறையில். அதுவரை அந்தத் துறையில் பெரும்பாலான எழுத்து, கொள்கைக்கு விளக்கவுரை மாதிரி இருக்கும். இவர் கருதுகோள் வை, மாறிகளைப் பிரி, அளந்து காட்டு, தப்பென்று நிரூபிக்க இடம் கொடு என்று மாணவர்களைப் பிடித்து உலுக்கினார். 2001இல் சுன் ஷுயெஃபெங்குடன் சேர்ந்து இதற்கென்றே ஒரு பாடநூல் எழுதினார். சிங்ஹுவாவில் ஒரு தரவுத்தொகுப்பும் உருவானது. 1950 தொடங்கி, சீனாவுக்கும் ஒவ்வொரு பெரிய நாட்டுக்கும் இருந்த உறவை மாதவாரியாக ஓர் எண்ணாகப் போட்டிருப்பார்கள். பகை முற்றினால் -9, நட்பின் உச்சம் +9. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு.

சரி, கோட்பாட்டுக்கு வருகிறேன். ஒரு நாட்டின் மொத்த வல்லமையைக் கணக்கிட அவர் தரும் சூத்திரம் இது: படை, பொருளாதாரம், பண்பாடு மூன்றையும் கூட்டு, வருகிற தொகையை அரசியலால் பெருக்கு. பெருக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசியல் தலைமை சுழியமானால் மற்ற மூன்றும் எவ்வளவு இருந்தாலும் விடை சுழியம். இந்த ஒரு பெருக்கல் குறிக்காகவே நான் அவரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பனையோலை

நல்ல அறிமுகம், நன்றி. ஆனால் எனக்கு ஒரு கேள்வி நெருடுகிறது. இவருடைய கோட்பாட்டை 'அறநெறி யதார்த்தவாதம்' என்கிறார்கள். யதார்த்தவாதம் என்றாலே வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பதுதானே? அதில் அறத்துக்கு என்ன இடம்? அதிகாரத்துக்கு அறம் என்று பொன்முலாம் பூசுவதாக எனக்குப் படுகிறது.

ஆற்றங்கரை

அந்தப் பெயரை வைத்தது அவர் இல்லை. ஜாங் ஃபெங் என்ற ஆய்வாளர் 2012இல் சிங்ஹுவா ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது பயன்படுத்திய பெயர், பின்பு இவரும் ஏற்றுக்கொண்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2005 வாக்கில் அவரும் மாணவர்களும் சீனா ஒரே பேரரசாக ஆவதற்கு முந்தைய காலத்து நூல்களை, அதாவது கி.மு. 221க்கு முன் எழுதப்பட்டவற்றை, உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். ஏன் அந்தக் காலம்? அப்போது பல அரசுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டும் இருந்தன. இன்றைய உலகத்துக்கு ஓரளவு பக்கத்தில் வருகிற நிலைமை. அதில் ஷுன்சி என்ற சிந்தனையாளரை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஷுன்சி மூன்று வகை ஆட்சியைப் பிரிக்கிறார். 'வாங்' என்கிற அறவழி அரசு மக்கள் மனங்களை வெல்லும். 'பா' என்கிற தலைமை அரசு கூட்டாளிகளை வெல்லும். 'ச்சியாங்' என்கிற வெறும் வலிமை அரசு நிலத்தைப் பிடிக்கும்.

நடுவிலுள்ள 'பா'தான் சுவாரசியம். அது புனிதமானது இல்லை, படை வைத்திருக்கும், தன் நலம் பார்க்கும். ஆனால் கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கை மீறாது. அந்த நம்பகத்தன்மையால்தான் மற்றவர்கள் அதன் பின்னால் நிற்கிறார்கள். யென் சொல்லும் அறத்தின் கீழ்ப்படி இதுதான். சாமியாராக இரு என்று அவர் நாடுகளுக்குச் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்று, அதுவும் ஒரு பலம், அதை அளக்கலாம் என்கிறார். அதனால்தான் பொன்முலாம் என்ற உங்கள் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

2011இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்த அவருடைய புத்தகத்தில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. அதே புத்தகத்தில் சீன ஆய்வாளர்கள் அவரோடு முரண்பட்டு எழுதிய கட்டுரைகளையும் சேர்த்திருக்கிறார்கள். மறுப்பைத் தன் அட்டைக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிற மனசு எனக்குப் பிடித்தது.

கரிசல்காட்டான்

அப்படியானால் சோங் நாட்டுக் கோமகன் சியாங்கை என்ன செய்வீர்கள்?

கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கி.மு. 638. சூ நாட்டுப் படை ஹோங் ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறது, பாதிப் பேர் இன்னும் தண்ணீரில். "இப்போதே அடிப்போம்" என்கிறார் அமைச்சர். "கூடாது" என்கிறார் கோமகன். கரையேறி அணிவகுக்கத் திணறுகிறார்கள். "இப்போதாவது" என்கிறார் அமைச்சர். "அணிவகுக்கட்டும்" என்கிறார் கோமகன். அணிவகுத்து வந்து இவர் படையைத் துவம்சம் செய்தார்கள். தொடையில் காயம்பட்டு அடுத்த வருடம் செத்தார். இரண்டாயிரம் வருடமாகச் சீனர்கள் அசட்டு அறத்துக்கு அவரைத்தான் கைகாட்டுகிறார்கள். மாவோ சேதுங்கே அவருடைய அறத்தை 'முட்டாள் பன்றித்தனம்' என்று கடிந்து எழுதியிருக்கிறார். யெனின் கோட்பாட்டில் இந்த மனிதர் எங்கே நிற்கிறார்?

ஆற்றங்கரை

அருமையான கேள்வி, இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

யெனின் சூத்திரத்திலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். பெருக்குவதற்கு முதலில் ஏதாவது தொகை வேண்டும். சோங் சின்ன நாடு, சூ பெரிய நாடு. இருக்கிற பலத்தைத் தாண்டித் தலைமைப் பதவிக்கு ஆசைப்பட்டார் சியாங். அறம் பலத்துக்குப் பதிலாக நிற்க முடியாது, பலத்தைப் பெருக்கத்தான் முடியும்.

அதே காலத்திலிருந்து எதிர்ப்பக்க உதாரணம் ஒன்று சொல்கிறேன். இது யெனின் உதாரணம் இல்லை, சிமா சியென் எழுதிய வரலாற்றில் வருகிறது, நானாக இழுத்து வருகிறேன். கி.மு. 681. சீ நாட்டுக் கோமகன் ஹுவான், தோற்றுப்போன லூ நாட்டோடு ஒப்பந்தம் போட மேடை ஏறுகிறார். லூ நாட்டுத் தளபதி சாவ் மோ திடீரெனக் குறுவாளை உருவி அவரைப் பிடித்துக்கொள்கிறார். பிடுங்கிய நிலத்தைத் திருப்பித் தா என்கிறார். உயிர் பயத்தில் ஹுவான் சரி என்கிறார். கத்தியை வீசிவிட்டு, முகம் கூட மாறாமல் சாவ் மோ தன் இடத்தில் போய் நிற்கிறார். ஹுவானுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. கத்தி முனையில் கொடுத்த வாக்கை மதிக்க வேண்டியதில்லை என்று பின்வாங்கப் பார்க்கிறார். அமைச்சர் குவான் சோங் தடுக்கிறார். துண்டு நிலத்துக்காக வாக்கை மீறினால் மற்ற அரசுகளின் நம்பிக்கை போய்விடும் என்கிறார். நிலம் திரும்பிப் போனது. சேதி பரவியது, இரண்டே வருடத்தில் மற்ற அரசுகள் ஹுவானைத் தலைவராக ஏற்றன.

ஹுவானிடம் நாட்டைத் தாங்கும் படையும் செல்வமும் இருந்தன. அதன்மேல் வாக்கும் சேர்ந்தது. சியாங்கிடம் வாக்கு மட்டும் இருந்தது.

கரிசல்காட்டான்

ஏற்றுக்கொள்கிறேன். குவான் சோங் இல்லாமல் ஹுவான் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைமை என்பது ஒரு ஆள் மட்டும் இல்லை, எதிர்த்துச் சொல்லத் துணிகிற அமைச்சரும்தான்.

புதுவாசகி

நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் கோட்பாடு என்றால் மார்கெந்தோ, வால்ட்ஸ், கியோஹேன், வென்ட் என்ற மேற்கத்தியக் கோட்பாட்டாளர்களோடு முடிந்துவிடும். ஆசிரியரிடம் கேட்டபோது சின் யாச்சிங் என்று ஒரு பெயர் சொன்னார். அவரும் இவரும் ஒரே பள்ளியா அண்ணா?

தறிநாடா

ஆற்றங்கரைக்கு முன்னால் நான் புகுந்துகொள்கிறேன், சின் யாச்சிங் எனக்குப் பிரியமானவர்.

ஒரே பள்ளி இல்லைம்மா. சொல்லப்போனால் 'சீனப் பள்ளி' என்று ஒன்று வேண்டுமா என்பதிலேயே இருவரும் எதிரெதிர். சின் யாச்சிங் சீன வெளியுறவுப் பல்கலைக்கழகத்துக்காரர், அதன் தலைவராகவும் இருந்தவர். முனைவர் பட்டம் அமெரிக்காவின் மிசூரியில். வென்ட் எழுதிய பெரிய புத்தகத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர். ஒவ்வொரு சொல்லாக அடுத்தவர் நூலோடு மல்லுக்கட்டியதில்தான் அவருக்குத் தன் கேள்வி கிடைத்தது என்று எனக்குத் தோன்றும். மேற்கத்தியக் கோட்பாடுகள் நாடுகளைத் தனித்தனிப் பந்துகளாக வைத்துத் தொடங்குகின்றன. உறவு அப்புறம்தான் வருகிறது. இவர் உறவிலிருந்தே தொடங்குகிறார். ஒரு நாடு யார் என்பதே அது யாரோடு எப்படி இருக்கிறது என்பதில்தான் தீர்மானமாகும் என்கிறார். 2018இல் கேம்பிரிட்ஜ் பதிப்பாக வந்த அவர் புத்தகம் முழுக்க இதுதான். 2007இல் 'சீனப் பன்னாட்டு உறவுக் கோட்பாடு ஏன் இல்லை?' என்று ஒரு கட்டுரை எழுதினார். அப்படி ஒன்று வரும், வந்தே தீரும் என்பது அவர் நம்பிக்கை.

யென் அதை மறுக்கிறார். கோட்பாடு உண்மையானால் எந்த நாட்டுக்கும் பொருந்த வேண்டும், பிறகு அதற்கு எதற்கு நாட்டின் பெயர் என்பது அவர் வாதம். பழைய சீன நூலிலிருந்து எடுப்பார், ஆனால் எடுத்ததை அமெரிக்காவுக்கும் பொருத்திப் பார்ப்பார்.

மூன்றாவதாக சாவ் திங்யாங் என்ற தத்துவக்காரர் இருக்கிறார். 'வானத்தின் கீழுள்ள எல்லாம்' என்ற பழைய 'தியென்ஷியா' கருத்தை உலக ஒழுங்காக விரித்தவர். அழகாக எழுதுவார். ஆனால் எப்படிச் சோதிப்பது என்று கேட்டால் பிடி கிடைக்காது.

பனையோலை

என் ஐயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. 'அடக்கி வாசி' என்ற டெங் சியாவ்பிங் காலத்துக் கொள்கையை விட்டுவிட்டு 'சாதிக்க முனை' என்ற கொள்கைக்குச் சீனா மாறியதை வரவேற்று 2014இல் இவர் எழுதினார். அது ஷி ஜின்பிங்கின் பாதைதானே? ஆட்சி போகிற பக்கமே கோட்பாடும் போனால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஆற்றங்கரை

நியாயமான கேள்வி. அந்தக் கட்டுரை ஆட்சிக்கு உவப்பானதுதான், மறுக்கவில்லை. தரவுத்தொகுப்பிலும் இந்தச் சிக்கல் உண்டு. சம்பவங்களைப் பெரும்பாலும் கட்சி நாளேடான மக்கள் நாளிதழிலிருந்தும் வெளியுறவு அமைச்சகத்திலிருந்தும் எடுத்தால், அளவுகோலின் ஒரு முனை அரசின் கையில் இருக்கிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். சீனா எந்தக் கூட்டணியிலும் சேராது என்பது 1980களிலிருந்து அரசின் உறுதியான கொள்கை. யென் பல வருடமாக அதைக் கைவிடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட்டாளி இல்லாத நாட்டை யார் நம்புவார்கள், ஆபத்தில் துணை வராதவனை யார் நண்பன் என்பார்கள் என்று கேட்கிறார். அரசு இன்றுவரை ஏற்கவில்லை. அதே போல, பொருளாதார உறவு நெருங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் பேசிய 2010இல், சீனாவும் அமெரிக்காவும் மேலோட்டமான நண்பர்கள், இருவருக்கும் பொதுவான நலனைவிட முரண்படும் நலன்தான் அதிகம் என்று எழுதினார். அன்று அது யாருக்கும் இனிக்கவில்லை.

வன்னிக்காற்று

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் கோட்பாடு கதைக்கிறீர்கள், நான் துறைமுகம் கதைக்கிறேன். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அதைக் கடன்பொறி என்று சிலர் சொல்லுகினம், கடன் வாங்கிய எங்கள் அரசாங்கங்களின் பிழை என்று வேறு சிலர் சொல்லுகினம். இரண்டிலும் உண்மை இருக்கு என்பது என் எண்ணம். என் கேள்வி வேறு. ஒரு பெரிய நாடு அறவழியில் நடக்குதா என்பதை யார் தீர்ப்பது? பெய்ஜிங்கில் இருக்கிற பேராசிரியரா, துறைமுகத்துக்குப் பக்கத்தில் காணி வைத்திருக்கிறவனா? சின்ன நாட்டுக்காரனின் குரல் அந்தச் சூத்திரத்தில் எங்கே வருது?

ஆற்றங்கரை

இந்த இழையின் மிக முக்கியமான கேள்வி இது. யெனின் கோட்பாட்டில் அறம் தலைவனின் பக்கத்திலிருந்து பார்க்கப்படுகிறது. யார் தலைமை தாங்குவது, எப்படித் தாங்குவது என்பதுதான் அவர் அக்கறை. பின்தொடர்கிறவர் ஏற்றால்தான் தலைமை என்று அவர் சொல்வது உண்மை, அந்த வகையில் உங்கள் குரலுக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்குள் அவர் போய்ப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. இதை அவருடைய பெரிய குறையாகவே நான் எண்ணுகிறேன்.

தறிநாடா

வன்னிக்காற்று சொன்னதற்குத்தான் சின் யாச்சிங்கைப் படியுங்கள் என்பேன். உறவு என்று வந்துவிட்டால் சின்னவனும் பெரியவனை உருவாக்குகிறான்.

கரிசல்காட்டான்

தலைப்பில் 'ஆண்டு குறித்துவிட்டு' என்று போட்டிருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

ஆற்றங்கரை

அதைச் சொல்லத்தான் இழையையே தொடங்கினேன், பேச்சுவாக்கில் தள்ளிப்போய்விட்டது.

நம் துறையில் கணிப்பு என்றால் "பதற்றம் நீடிக்கலாம், தணியவும் வாய்ப்புண்டு" என்கிற ரகம். எது நடந்தாலும் சொன்னவர் தப்பித்துவிடுவார். யென் அப்படிச் செய்வதில்லை. தைவான் நீரிணையில் 2008க்குள் மோதல் வெடிக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தார். 2008இல் தைவானில் ஆட்சி மாறியது, பதற்றம் தணிந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? என் கணிப்பு தப்பு என்று பொதுவெளியில் எழுதி மன்னிப்புக் கேட்டார். யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் நாலு மாதத்தில் மறந்துபோயிருக்கும்.

அதோடு கணிப்பதை நிறுத்திவிடவும் இல்லை. 2013இல் ஒரு புத்தகம் எழுதி, 2023இல் உலகம் இருமுனையாக இருக்கும், ஒரு முனை அமெரிக்கா, மறுமுனை சீனா என்று ஆண்டைப் போட்டு அச்சிட்டார். அந்த நாளில் சீன அரசு உட்படப் பலரும் பல்முனை உலகம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பனையோலை

அது பலித்ததா?

ஆற்றங்கரை

பாதிக்கு மேல் பலித்தது என்பது என் கணக்கு. கணினிச் சில்லு, செயற்கை நுண்ணறிவு, வர்த்தகத் தடை என்று எதை எடுத்தாலும் இரண்டு நாடுகள்தான் மற்றவர்களைத் தம் பக்கம் இழுக்கின்றன. ஆனால் இந்தியா, துருக்கி, பிரேசில், சவூதி மாதிரியான நாடுகள் எந்தப் பக்கமும் முழுதாகச் சாயாமல் விவகாரத்துக்கு விவகாரம் மாறி நிற்கின்றன, அதை இருமுனை என்ற ஒரே சொல்லில் அடக்க முடியுமா என்று வாதிடலாம். இன்னொன்று, இந்த இருவரும் நேரடிப் போரில் இறங்க மாட்டார்கள், அணு ஆயுதம் தடுத்துவிடும் என்பது அவர் நிலைப்பாடு. சீனாவின் எழுச்சி அமைதியாக முடியாது என்கிற அமெரிக்கப் பேராசிரியர் மியர்ஷைமரோடு 2013இல் சிங்ஹுவாவிலேயே எதிரெதிரே உட்கார்ந்து வாதிட்டவர். இது பலிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

புதுவாசகி

அண்ணா, அவர் மாணவர்களைப் பற்றி ஏதோ கடுமையாகச் சொல்லிச் சர்ச்சையானதாகக் கேள்விப்பட்டேன். அது என்ன?

ஆற்றங்கரை

2022 ஜனவரியில் ஒரு கல்வி மாநாட்டில் பேசியது. 2000க்குப் பின் பிறந்த மாணவர்கள் மற்ற நாடுகளை மேலிருந்து பார்க்கிறார்கள் என்றார். சீனா மட்டும் நியாயமானது, குற்றமில்லாதது, மற்றவை, முக்கியமாக மேற்கு நாடுகள், தீயவை என்று நினைக்கிறார்கள் என்றார். இணையப் பிரபலங்கள் சொல்வதையெல்லாம் பாடம் மாதிரி நம்புகிறார்கள் என்றும் வருத்தப்பட்டார். சீன இணையத்தில் ஒரு கூட்டம் அவர் மேல் பாய்ந்தது.

எழுபதை நெருங்கிய வயது, நாட்டின் பெயர்பெற்ற பல்கலைக்கழகம், இனிமேல் சம்பாதிக்க ஒன்றுமில்லை. ஊரோடு சேர்ந்து கைதட்டியிருக்கலாம். தன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி, அவர்கள் காதுக்கே எட்டும்படி இதைச் சொல்ல அவரைத் தூண்டியது எது என்று யோசித்தேன். ஒருவர் மட்டுமே சரி, மற்றவர் எல்லாம் கேடு என்ற பேச்சு முற்றினால் எங்கே கொண்டு விடும் என்பதைப் பதின்ம வயதில் பார்த்தவர் அவர். அந்த நேர்காணலில் பூட்ஸ் இல்லாத கால்களைப் பற்றிச் சொல்லும் இடத்துக்கே என் மனம் மறுபடி போகிறது.

பனையோலை

இதைப் படித்த பிறகு 'பொன்முலாம்' என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அரசோடு எவ்வளவு நெருக்கம் என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வன்னிக்காற்று

என் கேள்வியையும் நான் விடவில்லை. அந்த 2011 புத்தகத்தில் மற்றவர்கள் அவரோடு முரண்பட்டு எழுதிய பகுதியைத்தான் முதலில் வாசிக்கப்போகிறேன்.

ஆற்றங்கரை

அதுதான் சரியான வாசல். புதுவாசகிக்கும் அதையே சொல்கிறேன். அப்புறம் 2019இல் வந்த அவருடைய அடுத்த புத்தகத்தில் தலைமை வகைகள் பற்றிய இயலை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது சந்தேகம் வந்தால் இதே இழையில் போடுங்கள், நான் தினமும் இரவு வந்து பார்ப்பேன்.